பதினோராவது வண்டி

ஒரு பனிமலைச் சரிவில் காலையிலிருந்து பத்து ஸ்னோ ஸ்கூட்டர்கள் ஏறி இறங்கியிருக்கின்றன. தடங்கள் பளிச்சென்று தெரிகின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதினோராவது வண்டி அதே சரிவில், பழைய தடத்துக்கு நாலு முழம் தள்ளி ஏறுகிறது. வண்டிக்கு வெகு மேலே, சரிவின் குறுக்காக ஒரு கோடு கீறுகிறது. மறு நொடி மலையின் அந்தப் பக்கம் மொத்தமும் பாளம் பாளமாக உடைந்து கீழே வருகிறது. பத்து வண்டியைத் தாங்கிய சரிவு பதினோராவதை ஏன் தாங்கவில்லை? பனிச்சரிவு விபத்துகளை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் கேள்வி இது.

கிணத்துக்கடவு வெயிலில் நிற்பவருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று தோன்றலாம். ஊட்டி, வால்பாறையோடு நின்றிருந்த நம் பக்கத்துக் குடும்பச் சுற்றுலா இப்போது மணாலிக்கும் குல்மார்க்குக்கும் போகிறது. அங்கே இறங்கியதும் பிள்ளைகள் முதலில் கை காட்டுவது ஸ்னோ ஸ்கூட்டரைத்தான். இன்னொரு பக்கம், குன்னூருக்கு அருகே வெலிங்டனில் பயிற்சி முடித்து மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேரும் பையன்கள் சியாச்சின் வரைக்கும் போகிறார்கள். அங்கே அந்த வண்டி ஆளையும் சாமானையும் சுமக்கிற வாகனம்.

விடையைத் தேட உடனே இமயத்துக்குப் போக வேண்டாம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் போதும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் விடியற்காலையில் புல்தரை வெளுத்துக் கிடக்கும். கார் நிறுத்திப் படம் எடுப்பவர்கள் பலர் அது ராத்திரி வானத்திலிருந்து விழுந்தது என்றே நினைக்கிறார்கள். அது விழுந்ததில்லை, அங்கேயே முளைத்தது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால் போனது போனதுதான். புல்நுனி தன்னைச் சுற்றியுள்ள காற்றையும்விடக் குளிர்ந்து பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. காற்றிலிருக்கும் நீராவி அதில் பட்டதும், தண்ணீராக மாறாமலே நேராகப் பனிக்கட்டிப் படிகமாகிறது. இதுதான் உறைபனி. தேயிலைக் கொழுந்தைக் கருக்குவது இதுவே. குளிர்காலத்தில் தெளிந்த வானத்தைக் கண்டால் தோட்டக்காரர் முகம் வாடுவது அதனால்தான்.

இமயத்தில் இதே உறைபனி புல்லின் மேல் வளர்வதற்குப் பதிலாக, ஏற்கெனவே பெய்து கிடக்கும் வெண்பனியின் மேல் வளர்கிறது. வெண்பனி தன் சூட்டை வெளியே விடுவதில் கெட்டிக்காரன். தெளிந்த இரவில் அதன் மேல்தோல் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். இறகு வடிவில், சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை உயரமுள்ள படிகங்கள் இரவோடு இரவாக நிமிர்ந்து நிற்கும். காலை வெயிலில் அவை மினுங்குவதைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. அந்த அழகில் தப்பு எதுவும் இல்லை. அடுத்து என்ன பெய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காஷ்மீருக்கும் இமாசலத்துக்கும் குளிர்காலப் பனியைக் கொண்டுவருபவை 'மேற்கத்திய இடையூறுகள்' என்று வானிலைத் துறை சொல்லும் காற்றுச் சுழல்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒன்று வந்து கொட்டிவிட்டுப் போகும்; நாலைந்து நாள் வானம் தெளியும்; உறைபனி வளரும்; பிறகு அடுத்தது வந்து கொட்டும். அந்த இறகுகள் சிதையாமல் அப்படியே புதைந்துபோனால், பழைய பனிக்கும் புதிய பனிக்கும் நடுவே விரற்கடை உயரத்துக்கு மெல்லிய தூண்களாலான ஓர் அறை உருவாகிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் அப்படியே இருக்கும்.

இந்த இடையறையை நொய்யடுக்கு என்று வைத்துக்கொள்வோம். அதன் மேலே காற்றால் அழுந்தி, ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியான பனியைப் பனிப்பாளம் எனலாம். கொடிய பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இந்தப் பாளச்சரிவுகளே. உதிரிப் பனி ஒரு புள்ளியில் தொடங்கிக் கீழே விரிந்து வருவது வேறு ரகம். அதற்கும் பலம் உண்டு, ஆனால் பாளம்தான் ஆளை ஏமாற்றும். கெட்டியாக இருப்பதால், காலை வைத்தவருக்குத் தரைபோலத் தோன்றும். சிமெண்டுக் களத்தில் சோளம் காயப்போட்டிருக்கும்போது அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்று பாருங்கள். பலகை உறுதியானது, களமும் உறுதியானது, ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் மணிகள் எதையும் பிடித்துக்கொள்வதில்லை. களம் கொஞ்சம் சாய்வாக இருந்தால் பலகையோடு நீங்களும் போய்விடுவீர்கள். இந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. சோளம் உருளும், பனிப்படிகம் நொறுங்கும். அந்த நொறுங்கல்தான் பின்னால் ஒரு பெரிய புதிருக்கு விடையாகப்போகிறது.

நொய்யடுக்கு உருவாக இன்னொரு வழியும் உண்டு. அதைப் புரிந்துகொண்டால் நம்முடைய ஒரு பொதுப்புத்தி தலைகீழாகிவிடும். பனி மூடிய நிலத்தின் சூடு குளிர்காலம் முழுக்கப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், ஏனென்றால் பனியே அதற்குப் போர்வை. மேற்பரப்பு மட்டும் இரவில் மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கும். இடையிலுள்ள பனி 2 மீட்டர் தடிமனாக இருந்தால் இந்த வித்தியாசம் மெதுவாகப் பரவிவிடும். தடிமன் அரை மீட்டர்தான் என்றால், ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் சூடு சடசடவென்று மாறும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரி என்பது ஆய்வாளர்கள் மனத்தில் வைத்திருக்கும் தோராய எல்லை. அதைத் தாண்டினால் கீழ்ப்பனியிலிருந்து நீராவி கிளம்பி மேலே நகர்ந்து, படிந்த இடத்தில் கோணங்களும் முகங்களும் கொண்ட பெரிய படிகங்களாக மாறுகிறது. ஒன்றையொன்று பிடித்திருந்த மணிகள் கைவிட்டுவிடுகின்றன. அள்ளினால் விரலிடுக்கில் கொட்டிப்போகும். மலைக்காரர்கள் இதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள். ஆக, பனி குறைவாகப் பெய்த ஆண்டு பாதுகாப்பான ஆண்டு என்ற கணக்கு பல நேரம் தப்பு. மெல்லிய பனிக்கு அடியில்தான் சர்க்கரைப் பனி நன்றாக விளையும். பிப்ரவரியில் ஒரு பெரிய மழையைப்போல வெண்பனி வந்து அதன் தலையில் அமர்ந்தால் போதும். காரகோரம் பக்கத்துக் கடுங்குளிரில் இந்த அடுக்கு சீக்கிரம் குணமாவதும் இல்லை.

படிகத்தின் வடிவம் வானிலையைச் சொல்லும் என்று நிறுவிக் காட்டியவர் ஜப்பானின் உகிசிரோ நகாயா. ஹொக்கைடோவில் குளிர் அறை ஒன்றுக்குள் முயல் முடி இழையைத் தொங்கவிட்டு, 1936-இல் உலகின் முதல் செயற்கை வெண்பனிப் படிகத்தை வளர்த்தார். சூட்டையும் ஈரத்தையும் மாற்ற மாற்றப் படிகத்தின் உருவமும் மாறியது. அதற்குப் பிறகு பனியைப் பார்ப்பது ஆவணம் படிப்பதைப்போல ஆகிவிட்டது. ஒரு குழி தோண்டி அதன் சுவரைப் பார்த்தால், எந்த அடுக்கு எப்படிப்பட்ட வானிலையில் வந்தது, வந்தபின் அதற்கு என்ன நேர்ந்தது என்று பழகிய கண்ணுக்குத் தெரியும். ஏறக்குறைய அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் மலையில் பனிச்சரிவு ஆராய்ச்சிக்கென்றே ஒரு குடில் எழுந்தது. இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை 1969-இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது. சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு இப்போது வேறு பெயரில் இயங்குகிறது. பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் என்று சொல்லலாம்.

இனி அந்தப் புதிர். மலையேறிகள் வெகுகாலமாக ஒன்றைச் சொல்லி வந்தார்கள்: சமதரையில் நடந்துபோகும்போது காலடியில் 'வும்ப்' என்று ஒரு சத்தம் கேட்கும், தரை விரற்கடை அளவு அமுங்கும், அடுத்த சில நொடியில் தூரத்தில் இருக்கும் சரிவு இடிந்து வரும். சமதரையில் நின்றவர் எப்படித் தொலைவில் உள்ள சரிவை உடைத்தார்? அன்றைக்கு இருந்த கோட்பாட்டின்படி, பாளம் சரிவில் கீழ்நோக்கி இழுபடுவதால்தான் நொய்யடுக்கில் விரிசல் ஓட வேண்டும். சமதரையில் இழுப்பே இல்லை. கோட்பாட்டின்படி நடக்கக்கூடாதது நடந்துகொண்டிருந்தது.

கனடாவில் கல்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிலநடுக்கத்தை உணரும் கருவிகளைச் சமதரைப் பனியில் வரிசையாக வைத்துவிட்டு, நொய்யடுக்கை வேண்டுமென்றே உடைத்தார்கள். அமுங்கல் கருவிக்குக் கருவி ஓடியது. வேகம் நொடிக்கு சுமார் 20 மீட்டர். அதாவது விரிசலை ஓட்டுவது சாய்வின் இழுப்பு மட்டும் இல்லை, அறை இடிந்து பாளம் கீழே உட்காருவதும்தான். ஓரிடத்தில் தூண்கள் நொறுங்குகின்றன, மேலே இருக்கும் பாளம் வளைந்து பக்கத்துத் தூண்களின் மேல் பாரத்தைப் போடுகிறது, அவையும் நொறுங்குகின்றன. சாதாரண விரிசல் திறக்கும், இது மூடிக்கொண்டே போகிறது. 2008-இல் ஹையர்லியும் அவருடைய சகாக்களும் இதற்கு முழுமையான விளக்கம் தந்தார்கள். எதிர்விரிசல் என்று நாம் சொல்லலாம். 2022-இல் வந்த இன்னோர் ஆய்வு, செங்குத்தான சரிவில் இந்த விரிசல் ஓரளவு தூரம் ஓடியபின் நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டிவிடும் என்று காட்டியது. அந்தக் குழுவில் இருந்த யோஹான் கோம் என்பவர் பனியைக் கணினியில் பாவித்துப் பார்க்கப் பயன்படுத்தும் முறை, டிஸ்னியின் 'ஃப்ரோசன்' படத்தில் பனியை நிஜம்போலக் காட்ட எழுதப்பட்டதன் நெருங்கிய உறவு. படத்தின் பனியைப் பார்த்து அசந்துபோய் அதை உருவாக்கியவர்களைத் தேடிப்போனார் என்பது அறிவியல் உலகில் பிரபலமான கதை. குழந்தைகள் படம் என்று இனிமேல் யாரும் இளக்காரமாகச் சொல்ல வேண்டாம்.

இப்போது பதினோராவது வண்டிக்கு வரலாம். நொய்யடுக்கு எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. காற்று ஓரிடத்தில் பாளத்தை இரண்டு மீட்டருக்குக் குவித்திருக்கும், பக்கத்தில் பாறை முண்டும் இடத்தில் நாற்பது சென்டிமீட்டராகச் சுரண்டியிருக்கும். தடித்த இடத்தில் போன பத்து வண்டிகளின் பாரமும் நொய்யடுக்கை எட்டவே இல்லை. மெலிந்த இடத்தை மிதித்த பதினோராவது எட்டிவிட்டது. ஓரிடத்தில் தொடங்கிய நொறுங்கல், தடித்த பாளத்தின் அடியிலும் புகுந்து ஓடிவிடும். பத்து தடங்களும் சேர்ந்தே கீழே போகும். ஆகவே தடம் என்பது அந்தத் தடத்தைப் பற்றி மட்டுமே, அந்த நேரத்தைப் பற்றி மட்டுமே சொல்கிற சாட்சி. நாலு முழம் தள்ளி என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இதில் ஸ்னோ ஸ்கூட்டருக்கென்று ஒரு சிறப்பு இருக்கிறது. வண்டி மட்டும் இருநூறு கிலோவுக்கு மேல். ஓட்டுகிறவர், பின்னால் உட்கார்ந்தவர் எல்லாம் சேர்ந்தால் நானூறை நெருங்கும். ஆனாலும் அகலமான பெல்ட்டில் பாரம் பரவுவதால் மேற்பரப்பில் அமுங்காமல் ஓடுகிறது. அதைப் பார்த்து இலகுவான வண்டி என்று நினைப்போம். பனிக்குள் பாரம் இறங்கும் விதம் வேறு. சிறிய காலடியின் அழுத்தம் கொஞ்ச ஆழத்திலேயே கரைந்துவிடும். அகலமான பெரிய பாரத்தின் அழுத்தம் மெதுவாகக் குறைந்து வெகு ஆழம் வரை போகும். பனிச்சறுக்குக்காரரின் எடைக்கு எட்டாத ஆழத்தில் பத்திரமாக இருக்கும் நொய்யடுக்கு, வண்டிக்கு எட்டிவிடலாம். ஏற்றத்தில் பெல்ட் சுழன்று பள்ளம் பறித்தால் பாளமே மெலிகிறது. போதாக்குறைக்கு, பனிச்சறுக்குக்காரர் அரை நாள் ஏறும் மலையை வண்டி ஐந்து நிமிடத்தில் ஏறிவிடும். மெதுவாக ஏறுகிறவருக்குக் கால் வழியே வந்து சேரும் தகவல் எதுவும் வண்டிக்காரருக்கு வருவதில்லை. 'வும்ப்' சத்தத்தை எஞ்சின் விழுங்கிவிடும். அனுபவசாலிகள் அடிக்கடி வண்டியை அணைத்துவிட்டு, இறங்கி நாலடி நடந்து, கோலைக் குத்திப் பார்ப்பதன் காரணம் இதுதான்.

அமெரிக்கா, கனடாவில் இந்த வண்டிக்காரர்களிடையே ஒரு விளையாட்டு உண்டு. சரிவில் யார் உயரமாகத் தடம் பதித்துத் திரும்புவது என்ற போட்டி. உயரம் போகப்போக சாய்வு கூடும், எஞ்சின் திணறும், வண்டி பனியில் சிக்கிக்கொள்ளும். கீழே நிற்கும் நண்பர் உதவிக்கென்று வேகமாக ஏறுவார். சரிவின் மேல் இப்போது இரண்டு வண்டி. மீதிப்பேர் கீழே, பனி வந்து விழும் இடத்திலேயே, எஞ்சினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். வண்டிக்காரர்கள் கூட்டமாகச் சாகும் விபத்துகளில் இந்தக் காட்சி அடிக்கடி வருகிறது.

எஞ்சின் சத்தம்தான் பனியைச் சரிக்கிறது என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கத்தினால் மலை இடியும் என்பதும் அந்த வகைதான். சத்தம் பனியின் மேல் போடும் அழுத்தம், ஓர் ஆள் நின்றால் நொய்யடுக்கில் ஏற்படும் அழுத்தத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. சரிவை உடைப்பது எடை. பனிச்சரிவில் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைத் தூண்டியவர் சிக்கியவரே, அல்லது அவருடன் வந்தவர். இது கசப்பான செய்திதான், ஆனால் நல்ல செய்தியும்கூட. நாம் தூண்டுவதை நாமே தூண்டாமலும் இருக்கலாம்.

எங்கே தூண்டாமல் இருப்பது? நொய்யடுக்கைப் பார்க்க முடியாது, பாளத்தின் பலத்தை எடைபோடுவது கடினம். சாய்வை மட்டும் சந்தேகமின்றி அளக்க முடியும். பாளச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில் நடக்கின்றன. 38 டிகிரியை ஒட்டித்தான் அதிகம். 30-க்குக் கீழே பாளம் உடைந்தாலும் பொதுவாக நகர்வதில்லை. 50-ஐத் தாண்டினால் பனி தங்காமல் அவ்வப்போது தானே உதிர்ந்துவிடும். நூறு அடி முன்னே போனால் 58 அடி உயரும் ஏற்றம் 30 டிகிரி. 78 அடி உயர்ந்தால் 38. கைபேசியில் மட்டம் பார்க்கும் செயலி இருந்தால், ஒரு கோலைச் சரிவின் மேல் படுக்கவைத்து அதன்மேல் கைபேசியை வைத்தால் போதும். ஆனால் சரிவுக்குக் கீழே சமதரையில் நிற்பதும் சரிவில் நிற்பதும் ஒன்றாகிவிடும் நாள் உண்டு என்பதை மறக்கக்கூடாது. அந்த 'வும்ப்' அங்கிருந்தே மேலே ஓடும்.

காற்றையும் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிக் காற்றாலை நட்ட பூமிக்காரர்களுக்குக் காற்றின் பலத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலைமுகட்டைத் தாண்டும் காற்று, முன்பக்கத்துப் பனியை வழித்து முதுகுப்பக்கத்தில் கொட்டுகிறது. வானிலிருந்து பெய்வதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூடக் கொட்டும். வானிலை அறிக்கை 'நேற்று பனிப்பொழிவு இல்லை' என்று சொல்லும். மறைவுச் சரிவில் ஒரு மீட்டர் புதுப் பாளம் உட்கார்ந்திருக்கும். முகட்டின் விளிம்பில் பனி கூரைபோல நீட்டிக்கொண்டிருந்தால், அதன் கீழ்ப்பக்கம்தான் பாரம் ஏறிய பக்கம்.

சந்தேகம் தீராதவர்கள் குழி தோண்டுகிறார்கள். குழியின் சுவரில் 90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு தூணைப் பிரித்தெடுத்து, ஒரு முனையில் மண்வாரியைக் கவிழ்த்து வைத்து அதன் முதுகில் தட்டுவார்கள். மணிக்கட்டை மடக்கிப் பத்து தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. தட்டிய முனையில் தொடங்கிய விரிசல் 90 சென்டிமீட்டரும் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டால், அந்தச் சரிவில் அன்றைக்கு வேலை இல்லை. ஓடவில்லை என்றால் தைரியமாகப் போகலாமா? அந்தக் குழி அந்த இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. 'ஆபத்து' என்று சொன்னால் நம்பலாம், 'ஆபத்தில்லை' என்று சொன்னால் பாதிதான் நம்பலாம். ஒருபக்கச் சாட்சி சொல்லும் இந்தப் பரிசோதனையின் குணம் எனக்குப் பிடிக்கும். குழி தோண்டத் தெரியாதவருக்கு மலையே சில சைகைகளைக் காட்டுகிறது: பக்கத்துச் சரிவில் புதிதாக விழுந்த பனி, வண்டிக்கு முன்னே ஓடும் கீறல், ஒரே நாளில் முழங்கால் உயரப் புதுப்பனி, திடீரென்று ஏறிய வெயில் சூடு. இவற்றில் ஒன்று போதும்.

உலகெங்கும் ஆபத்தை ஐந்து படிகளாகச் சொல்கிறார்கள். குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம். உயிர்ச்சேதம் ஐந்தாவது படியில்தான் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். மூன்றாவது படியில்தான் அதிகம். நாலிலும் ஐந்திலும் மலையே மிரட்டுவதால் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில் வானம் நீலமாக இருக்கும், பனி புதிதாக இருக்கும், தூண்டினால் உடையும் சரிவும் காத்திருக்கும். இயன் மெக்கமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 715 விபத்துகளைப் பிரித்துப் பார்த்து எழுதியதும் இதையொட்டியதே. எச்சரிக்கைச் சைகைகள் பல விபத்துகளில் கண்ணெதிரே இருந்தன. பயிற்சி பெற்றவர்களும் அவற்றைத் தாண்டிப் போனார்கள். பழகிய சரிவு, முன்னால் போன கூட்டம், யாரும் தொடாத பனியை முதலில் தொடும் ஆசை, இவையே அறிவை மீறின.

நம் நாட்டுப் பதிவுகளைப் பார்த்தால் இது அந்நிய விவகாரம் இல்லை என்பது புரியும். 2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க்குக்கு மேலே கிலான்மார்க்கில், பனிமலைப் போருக்கென்றே பயிற்சி தரும் ராணுவப் பள்ளியின் வீரர்கள் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று குல்மார்க்கின் அபர்வத் மலையில் போலந்துக்காரர் இருவர் இறந்தார்கள். 21 பேர் மீட்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். சுற்றுலாக் கேபிள் கார் மேலே கொண்டுபோய் இறக்கிவிடும் அதே மலைதான். 2023 ஏப்ரலில் சிக்கிமின் நாதுலா சாலையில் இறந்த ஏழு பேரும் சுற்றுலாப் பயணிகள். பனிச்சறுக்கும் இல்லை, வண்டிப் போட்டியும் இல்லை.

சியாச்சினில் 2016 பிப்ரவரி 3 அன்று நடந்தது மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனுக்கு. 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் சாவடியின் மேல் பெரும் பனிக்கட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. பத்து பேர் புதைந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். நாய்களும் தரையை ஊடுருவும் ரேடாரும் கொண்டு தேடி, இறுகிய பனிக்கட்டியை அறுத்து ஆறாம் நாள் பார்த்தபோது, சுமார் 30 அடி ஆழத்தில் கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு இருந்தார். பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். இது பாளச்சரிவு வகை இல்லை. சாய்வை அளப்பதும் தூணைத் தட்டுவதும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. எல்லாப் பனிச்சரிவையும் அளந்துவிடலாம் என்று எண்ணாமலிருக்க இந்தச் சம்பவத்தை இங்கே எழுதுகிறேன்.

ஹனுமந்தப்பா ஆறு நாள் தாங்கியதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் மூன்றில் ஒருவர்தான். ஓடும்போது தண்ணீராகத் தோன்றும் பனி, நின்றதும் கெட்டிப்பட்டுவிடும். விரலை அசைக்க முடியாது. பெரும்பாலோர் மூச்சு முட்டித்தான் சாகிறார்கள், அவர்கள் விட்ட மூச்சே அவர்களைச் சூழ்ந்துகொள்ளும். சுற்றிலும் காற்றுக்கு இடம் இருந்தவர்களே நீண்ட நேரம் தாங்குகிறார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணா அருகே எல்லைச் சாலைத் தொழிலாளர்கள் 54 பேர் சிக்கியபோது 46 பேர் பிழைத்ததில், அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கண்டெய்னர்களுக்குப் பங்கு உண்டு. பத்து நிமிடத்துக்குள் வெளியிலிருந்து மீட்புக்குழு வந்து சேராது. கூட வந்தவர்தான் மீட்புக்குழு. அதனால்தான் மலைக்குள் வண்டி ஓட்டுபவர்கள் ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை விடும் பீக்கன், குத்திப் பார்க்கும் நீளக் கோல், மண்வாரி மூன்றையும் உடம்போடு வைத்திருக்கிறார்கள். வண்டியில் கட்டிவைத்தால் வண்டியோடு போய்விடும்.

சண்டிகர் நிறுவனம் குளிர்காலத்தில் காஷ்மீர், லடாக், இமாசலம், உத்தராகண்ட் பகுதிகளுக்கு மாவட்டவாரியாக, இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் இத்தனை ஆபத்து என்று எச்சரிக்கை வெளியிடுகிறது. மாவட்ட நிர்வாகமும் செய்திகளும் அதை அன்றன்றே சொல்கின்றன. டூர் கிளம்புவதற்கு முன் ஹோட்டலுக்குப் போன் போடுகிறவர்கள், இதையும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். குல்மார்க்கின் புல்வெளியிலும் சோலாங் பள்ளத்தாக்கின் சமதரையிலும் சரிவுகளின் அடிவாரத்தை விட்டுத் தள்ளி ஸ்னோ ஸ்கூட்டர் ஓட்டுவதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். ஓட்டுநர் இன்னும் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு மேலே இருக்கும் சரிவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றால், மூன்று கேள்வி கேளுங்கள்: அந்தச் சரிவு 30 டிகிரிக்குக் குறைவா? நேற்றும் முந்தாநாளும் எவ்வளவு பனி, எந்தப் பக்கக் காற்று? நாம் புதைந்தால் தோண்ட உங்களிடம் என்ன இருக்கிறது? 'காலையிலிருந்து எத்தனையோ வண்டி போயிருக்கு சார்' என்பது பதிலாக வந்தால், இறங்கிவிடுங்கள்.